நாலாவது கட்டம்

பெர்மெத்துக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது. இந்த ஏழு வருஷத்தில் கணவன் வீட்டு ஆட்கள் ஒருவர் பெயரைக்கூட அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் மட்டுமில்லை, தாஷ்-புலாக் என்ற அந்த மலையூருக்கு மருமகளாய் வந்த எவளும் சொல்லமாட்டாள். மாமனாரின் அண்ணனிலிருந்து மூக்கொழுகும் மைத்துனன் வரைக்கும் ஆளுக்கொரு பெயரை அவளாகவே யோசித்து வைத்துக் கூப்பிட வேண்டும். வைத்த பெயர் பொய்யாகவும் இருக்கக்கூடாது, கேட்கிறவர் முகம் சுளிக்கவும் கூடாது. அதில்தான் மருமகளின் சாமர்த்தியம் தெரியும். காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிற சின்ன மாமனாரை ஊரே நொண்டி என்றுதான் சொல்லும். பெர்மெத் அவருக்கு 'நிதான மாமா' என்று பெயர் வைத்தாள். மனுஷன் அன்றைக்கே மூன்று வீடு ஏறி அதைச் சொல்லிவிட்டு வந்தார்.

மாமியார் பெயர் குமுஷ்கான். கிர்கிஸ் பேச்சில் குமுஷ் என்றால் வெள்ளி. ஆகையால் அந்தச் சொல்லே பெர்மெத்துக்கு இல்லை. வெள்ளிக் கரண்டி வேண்டுமென்றால் "அந்த வெள்ளை இரும்புக் கரண்டிய எடுங்க" என்பாள். நேரில் கூப்பிட 'எனே' போதும். பெற்றவளைக் கூப்பிடுகிற அதே சொல்தான்.

வீட்டுக்குள் இருக்கிறவரை இதில் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் பெர்மெத் அந்த ஊருக்கு ஒரே நர்ஸ். போன வசந்தத்தில் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து டாக்டர் வெனெரா வந்து ஆட்டுக் காய்ச்சலைப் பற்றி ஆய்வு தொடங்கினாள். மூட்டு மூட்டாய் வலித்து, சாயங்காலமானால் குளிரெடுத்து, விடிவதற்குள் போர்வை நனைய வியர்க்கிற காய்ச்சல் அது. ஈனுகிற ஆட்டுக்குக் கைகொடுப்பவர்களுக்கும் பச்சைப்பால் குடிப்பவர்களுக்கும் வரும். அந்த ஊரில் இந்த இரண்டையும் செய்யாதவர்கள் தொட்டிலில் கிடப்பவர்கள் மட்டும்தான். ரத்தம் எடுத்துப் படிவம் நிரப்பும் வேலையை டாக்டர் பெர்மெத்திடம் கொடுத்தாள்.

முதல் கட்டாகப் போன நாற்பத்துமூன்று படிவங்களில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'நிதான மாமா', 'கீழ்வீட்டு அண்ணன்', 'குதிரை பேச்சைக் கேட்கும் மாமா', 'வெள்ளை இரும்பு எனே' என்று எழுதியிருந்தது. வாயால்தானே சொல்லக்கூடாது, கையால் எழுதலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், கை வராது. ஆய்வுக்கூடத்தில் ரத்தக்குழாயை எவரோடும் சேர்க்க முடியாமல் முழித்திருக்கிறார்கள்.

"பெர்மெத், நீ எனக்கு அனுப்பினது படிவமா, கதப் புஸ்தகமா?" என்று டாக்டர் போனில் கத்தினாள். கத்தி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் பெர்மெத் தன்னிடமிருந்த நகல்களை ஒவ்வொன்றாய்க் காட்ட, அவள் கணவன் தாலாய் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பெயர்களைச் சொல்ல, டாக்டர் எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் எண் போட்டார்கள். மாமியாருக்குப் பதினேழு.

இது நடந்து ஒரு வருஷம். ஆடுகள் ஈன்று முடிந்த சித்திரை வாக்கில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், டாக்டர் வெனெரா மறுபடி வந்து இறங்கினாள். ஐம்பது தாண்டிய பருத்த உடம்பு, வாசல் நிலையில் இடிக்கிற சிரிப்பு, இரண்டு பெட்டி சாக்லேட். மறுநாள் ஊர்ப் பொதுக்கூடத்தில் ஆய்வின் முடிவை எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் இரண்டாவது தடவை ரத்தம் எடுக்கலாம். மேலிடத்து விதி அப்படி. வாசிக்கப்போவது பெர்மெத்.

குமுஷ்கான் மேசையில் வெண்ணெயும் பொரித்த மாவுத்துண்டுகளும் பரப்பித் தேநீர் ஊற்றினாள். ஐம்பத்தெட்டு வயது, வெள்ளைத் தலைத்துணி, முந்நூறு ஆட்டையும் குரலிலேயே அடக்குகிற ஆள். அந்த ஊரில் விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிக்குமேல் ஊற்றமாட்டார்கள். குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தால் இரு, பேசு என்று அர்த்தம். ததும்ப ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

டாக்டர் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டே, "அப்புறம் பெர்மெத், நம்ம பாசிட்டிவ் எல்லாம் எப்படி இருக்கு? பதினேழுக்கு முட்டி இன்னும் வீங்குதா?" என்று கேட்டாள்.

மனதில் ஒன்றுமில்லாமல் கேட்டதுதான். ஆனால் பதினேழு எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. குமுஷ்கான் டாக்டரின் கிண்ணத்தை வாங்கி, விளிம்பு நனைய ஊற்றி, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள். பிறகு ஆட்டுக்குட்டிகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

டாக்டர் கிண்ணத்தைப் பார்த்தாள். "நான் என்ன சொல்லிட்டேன்?"

பெர்மெத் ஜன்னலோரமாய் நின்று, நாளைக்கு வாசிக்க வேண்டிய ஆய்வுக் கட்டுரையின் நான்கு பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுடைய பெயரும் ஆய்வாளர்கள் வரிசையில் நாலாவதாக அச்சாகியிருந்தது. அதைப் பார்த்து முகம் மலர்வதற்குள் மற்ற வரிகள் கண்ணில் பட்டன. 'சோதனைக்கு உட்படுத்தப்பட்டவர்கள் 212.' 'பச்சைப்பால் குடித்ததை 60 பேர் மறுத்தனர்.' 'சிகிச்சையில் தோற்ற நோயாளிகள் 14.' மூன்றாம் பக்கத்தில், தனியாக ஒரு பத்தி:

'எண் 17. ஐம்பத்தெட்டு வயதுப் பெண், ஆடு வளர்ப்பவர், கல்வி குறைவு. அறிவுரைக்கு ஒத்துழைக்காமல் நான்காம் வாரத்தில் சிகிச்சையைக் கைவிட்டார். நோய் திரும்பியது. இப்பகுதி மக்களின் பொறுப்பின்மைக்கு இவர் ஓர் எடுத்துக்காட்டு.'

பெயர் இல்லை, ஒழுங்காக மறைத்திருக்கிறார்கள். ஆனால் தாஷ்-புலாக்கில் ஆடு வளர்க்கிற ஐம்பத்தெட்டு வயதுப் பெண் எத்தனை பேர்? ஒரே ஒருத்தி. நாளைக்கு இதை வாசித்தால் நூறு தலை ஒரே பக்கம் திரும்பும். மாமியாரை ஊர் நடுவில் நிறுத்திப் பொறுப்பில்லாதவள் என்று சொல்லப்போவது மருமகள் வாய்.

அதைவிடப் பெரிய வேதனை ஒன்று இருந்தது. 'கைவிட்டார்' என்று டிக் போட்டதே அவள் கைதான்.

டாக்டரை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். குட்டிகள் அடைத்த கொட்டகைக்குப் பின்னால் குமுஷ்கானின் அதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது.

"டாக்டரக்கா, இத நான் வாசிக்க மாட்டேன்."

"ஏன்? எழுத்துப் பிழையா?"

"பதினேழு யாருன்னு உங்களுக்கே தெரியும். இப்பத்தான் அவங்க கையால டீ குடிச்சீங்க."

டாக்டர் பெருமூச்சு விட்டாள். "இதப் பாரு புள்ள, எல்லாக் கட்டுரையும் இப்படித்தான் எழுதுறாங்க. தோத்த நோயாளி, கைவிட்ட நோயாளி. நான் படிக்கறப்பவே இதே வார்த்தைங்கதான். யாரும் யாரையும் திட்டல."

"மருந்து குணப்படுத்தலன்னா தோத்தது மருந்தா, ஆளா?"

"சரி, மருந்துதான். ஆனா பதினேழு கைவிட்டது கைவிட்டதுதானே? படிவத்துல நீதான் போட்டிருக்க."

"படிவத்துல மூணே கட்டம்தான் இருந்துச்சு. முடித்தார், கைவிட்டார், இறந்தார். எங்க எனே செத்தும் போகல, முடிக்கவும் இல்ல. நான் எதுல போடுவேன்?"

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். போன வருஷம் ஆடு ஈனுகிற சமயம். கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஆட்டுக்கிடையில் ஒன்பது பேர் இருந்தார்கள், குமுஷ்கானும் அதில் ஒருத்தி. மாத்திரை ஊரில் பெர்மெத்திடம் இருந்தது. கையில் ஒரு வாரத்துக்குமேல் கொடுக்கக்கூடாது என்பது ஆய்வின் விதி. ஒவ்வொரு வாரமும் குதிரையேறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். நான்காம் வாரம் பனி கொட்டிக் கணவாய் மூடிக்கொண்டது. பன்னிரண்டு நாள். அவள் தினமும் கணவாய் அடிவாரம் வரை போய்த் திரும்பினாள். திறந்த அன்று போனபோது, ஏழு நாளுக்குமேல் விட்டுப்போனால் 'கைவிட்டார்' என்று குறிக்க வேண்டுமென்ற இன்னொரு விதியும் அவளோடு வந்திருந்தது. ஒன்பது பேருக்கும் அப்படியே டிக் போட்டாள்.

"மொத்தம் கைவிட்டவங்க பதினோரு பேர்னு எழுதியிருக்கீங்க. அதுல ஒன்பது பேர் இவங்கதான்."

டாக்டர் வெனெரா அங்கே கிடந்த தீவன மூட்டையின்மேல் உட்கார்ந்தாள்.

"ஒரு வாரத்துக்கு மேல கையில குடுக்காதன்னு விதி போட்டது நாந்தான்," என்றாள்.

"ஏன்க்கா அப்படி?"

"வித்துடுவாங்கன்னு நெனச்சேன்."

பெர்மெத்துக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. ஆனால் அந்தப் பெரிய உடம்பு மூட்டையில் குறுகி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வந்த கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. இந்த ஊர்க்காரர்களின் மூட்டுவலியைப் பொருட்படுத்தி இவ்வளவு தூரம் வந்தவள் இவள் ஒருத்திதான். அதையும் மறக்க முடியவில்லை.

"கட்டுரை அச்சுக்குப் போகப் பத்து நாள் இருக்கு. எண்ணிக்கைய மாத்தியாகணும்னு நான் எழுதுறேன்," என்றாள் டாக்டர். "வார்த்தைய என்ன பண்றது? அம்பது வயசுக்கு மேல எனக்கு வேற வார்த்தை தெரியாதே."

"மருமகளுங்க எங்களுக்குத் தெரியும்க்கா. நாங்க இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து இதத்தானே செய்யறோம்."

"எத?"

"பேரும் சொல்லக்கூடாது, பொய்யும் சொல்லக்கூடாது, அந்த மனுஷன் எதிர உக்காந்து கேட்டாலும் மூஞ்சி சுண்டக்கூடாது. அப்படி எழுதினாப் போதும்."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நிதான மாமா," என்றாள் மெதுவாக. பெர்மெத் சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் வரை இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து மல்லுக்கட்டினார்கள். 'சோதனைக்கு உட்படுத்தப்பட்டவர்கள்' போய் 'இந்த ஆய்வில் எங்களோடு சேர்ந்தவர்கள்' வந்தது. 'மறுத்தனர்' என்றால் திருட்டைப் பிடித்த மாதிரி இருக்கிறது என்று பெர்மெத் அடித்தாள். 'குடிக்கவில்லை என்று சொன்னார்கள்' என்று எழுதினாள். 'தோற்ற நோயாளிகள்' என்ற இடத்தில் 'பதினான்கு பேருக்கு இந்த மருந்து குணம் தரவில்லை' என்று டாக்டரே எழுதினாள். 'கல்வி குறைவு' என்பதற்கு மேல் அவள் பேனா நின்றது.

"உங்க மாமியார் எதுவரைக்கும் படிச்சாங்க?"

"எட்டாவது. ஆனா முந்நூறு ஆட்டுல எதுக்கு எது தாய்னு ஏழு தலைமுறைக்குச் சொல்லுவாங்க."

அந்தச் சொல்லை டாக்டர் அடித்தாள். வயதையும் அடித்தாள். இந்த வேலைக்கு நடுவில் குமுஷ்கான் நான்கு தடவை உள்ளே வந்து போனாள், ஒரு தடவையும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. டாக்டருக்கு ஊற்றிய தேநீர் மட்டும் நான்கு தடவையும் ததும்பியது.

"கொன்னுடுவாங்க போல," என்று டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே குடித்துத் தீர்த்தாள்.

பெர்மெத்தால் சிரிக்க முடியவில்லை. எழுதியதை மாற்றியாயிற்று. போட்ட டிக்கை எப்படி மாற்றுவது? எனேயிடம் சொன்னால் என்ன ஆகும்? அம்மாவை இழந்த சமயத்தில் இந்த வீட்டுக்கு வந்தவள் பெர்மெத். முதல் குழந்தை தங்காமல் போனபோது பதினொரு நாள் பக்கத்திலேயே படுத்து அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தவள் குமுஷ்கான். அவளைக் காகிதத்தில் குற்றவாளி ஆக்கிவிட்டு ஒரு வருஷமாய் அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோமே என்று நினைக்க நினைக்கப் பெர்மெத்துக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறுநாள் பொதுக்கூடத்தில் நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். உயரத் தொப்பிக்காரர்கள் ஒரு பக்கம், தலைத்துணிக்காரிகள் ஒரு பக்கம். முன்வரிசையில் குமுஷ்கான் கையில் ஒரு மடித்த கைக்குட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பெர்மெத் பெரியவர்களுக்குத் தலைகுனிந்து வணங்கிவிட்டு வாசிக்கத் தொடங்கினாள்.

'எங்களோடு சேர்ந்தவர்கள்' என்று வந்ததும் ஜுமாஷ் என்ற கிழட்டு மேய்ப்பர் குறுக்கே பேசினார். எந்தக் கூட்டத்திலும் முதலில் பேசாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது. "சேந்தோம் சரி, ரத்தம் குடுத்தது நாங்க. எங்க பேரப் போடுவாங்களா அதுல?"

"போட மாட்டாங்க தாத்தா. அது விதி."

"பாத்தியா! ரத்தம் எங்களது, பேரு அவங்களது!"

கூட்டம் சிரித்தது. குமுஷ்கான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "ஜுமாஷ், ஏழு வருஷமா என் மருமக என் பேரச் சொன்னதில்ல. அதனால எனக்கு மரியாத கொறஞ்சுபோச்சா? பேரச் சொல்லாம எப்படிப் பேசறாங்கன்னு மொதல்ல கேளு. வாய மூடிக்கிட்டுக் கேளு."

ஜுமாஷ் வாயை மூடிக்கொண்டார். பெர்மெத் மூன்றாம் பக்கத்துக்கு வந்தாள். "கணவாய்க்கு அந்தப் பக்கம் கிடையில் இருந்த ஒன்பது பேருக்கு நான்காம் வாரத்திலிருந்து பன்னிரண்டு நாள் எங்களால் மருந்து கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை..."

"அடுத்த வரிய நான் வாசிக்கிறேன்," என்று டாக்டர் எழுந்து வந்தாள். காகிதத்தை வாங்காமலே சொன்னாள்: "கையில ஒரு வாரத்து மாத்திரதான் குடுக்கணும்னு விதி போட்டது நான். உங்கள நம்பாமப் போட்டேன். தப்பு என்னோடது. மன்னிச்சுக்கங்க."

பிஷ்கெக்கிலிருந்து வந்த யாரும் அந்தக் கூடத்தில் அதுவரை இப்படிப் பேசியதில்லை. அதைக் கேட்டபிறகு பெர்மெத்தால் மறைக்க முடியவில்லை. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு முன்வரிசையைப் பார்த்துச் சொன்னாள்.

"எனே, அந்த ஒன்பது பேருக்கும் 'கைவிட்டார்'னு டிக் போட்டது நான். உங்களுக்கும் நாந்தான் போட்டேன். ஒரு வருஷமா உங்ககிட்ட சொல்லல."

குமுஷ்கான் தலையை ஆட்டினாள்.

"தெரியும்," என்றாள்.

"தெரியுமா?"

"நான் எதிர்லதானே உக்காந்திருந்தேன். எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்டி, வாசிக்கத் தெரியாதா? நீ அழுத்தின அழுத்துல பேப்பர் கிழிஞ்சுது. கண்ணுல தண்ணி வேற. சரி, புள்ள மனசுல ஏற்கெனவே பாரம், நாமளும் ஏத்த வேணாம்னு விட்டுட்டேன்."

அவள் கையிலிருந்த கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள். வெள்ளைத் துணியில் மங்கலாய் ஆரஞ்சுக் கறைகள். அந்த மாத்திரை சாப்பிட்டால் கண்ணீர்கூட அந்த நிறத்தில்தான் வரும்.

"முட்டி வலியில அழுவேன், தொடப்பேன், இப்படிக் கற விழும். பனி மூடி, மாத்திர தீந்து மூணாம் நாளு, தொடச்சேன், கற விழல. அப்பத்தான் மருந்து என் ஒடம்ப விட்டுப் போயிடுச்சுன்னு தெரிஞ்சுது. நான் எங்கடி கைவிட்டேன்? அதுதான் என்ன விட்டுட்டுப் போச்சு." குரல் லேசாக உடைந்தது, உடனே சரியாக்கிக்கொண்டாள். "ஆனா அந்தக் காயிதத்துல கணவாய்க்குன்னு ஒரு கட்டம் இருந்துச்சா? இல்லாத கட்டத்துல நீ எங்க போய் டிக் போடுவ?"

பெர்மெத் ஊர் பார்க்க அழுதாள். டாக்டர் வெனெரா புதுப் படிவக் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள். முதல் படிவத்தில் முடித்தார், கைவிட்டார், இறந்தார் என்ற மூன்றையும் பேனாவால் ஒரே கோடாக அடித்தாள். 'முழு மருந்தும் சாப்பிட்டார்', 'தாமாக நிறுத்தினார்', 'காலமானார்' என்று எழுதினாள். அதற்குக் கீழே கையாலேயே நாலாவதாக ஒரு கட்டம் வரைந்து, 'எங்களால் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை' என்று எழுதினாள்.

குமுஷ்கான் எழுந்து வந்து அதை எழுத்துக்கூட்டாமல் படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள்.

"எடு புள்ள, மொதல்ல என்னுத எடு. அழுதுக்கிட்டே குத்தாத, நரம்பு தப்பிடும்."

அவளுக்குப் பின்னால் ஜுமாஷ் சட்டையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் நிதான மாமா.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது டாக்டருக்கு நா வறண்டிருந்தது. குமுஷ்கான் தேநீர் ஊற்றி நீட்டினாள். டாக்டர் கிண்ணத்தை வாங்கிப் பார்த்தாள். அடியில் மூன்று வாய்க்கு மட்டும் இருந்தது. அதற்குள் அவள் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, குடித்துவிட்டு, காலிக் கிண்ணத்தை மறுபடி நீட்டினாள்.